மூலிகைத் தோட்டம்: எலும்பொட்டிச் செடி

“மூலிகைதானே! குணம் செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது” என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை அறிய, மேனாட்டுச் செடி ஒன்றின் கதை நமக்கு உதவும்.

இங்கிலாந்தில் ஆற்றோரங்களிலும் ஈரமான பள்ளங்களிலும் தானாகவே வளர்ந்து கிடப்பது காம்ப்ரி என்னும் செடி. அதன் இலை நீண்டு அகன்று, மேலெல்லாம் சொரசொரப்பான ரோமம் படர்ந்திருக்கும். சிறு மணிகளைப் போன்ற பூக்கள், ஊதாவாகவோ வெளிர் மஞ்சளாகவோ, தலை குனிந்து தொங்கும். வேர் வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, கீறினால் வழவழவென்று பசை கசியும். அந்நாட்டுக் குடியானவர்கள் இந்த வேரைத் துருவி, முறிந்த எலும்பின்மேல் கனமாகப் பற்றுப் போடுவார்கள். பற்று காய்ந்து இறுகி, எலும்பை அசையவிடாமல் பிடித்துக் கொள்ளும். ஆகவே அதற்கு ‘எலும்பொட்டி’ என்று பொருள்படும் பெயரும் வந்தது. பிரண்டையை அரைத்துக் கட்டிய நம் பாட்டிமாருக்கு இந்த வைத்தியம் வியப்பாகத் தோன்றியிராது.

இதை வளர்ப்பது எளிது. விரல் நீள வேர்த் துண்டுகளை, 2 அல்லது 3 அடி இடைவெளி விட்டு ஈர மண்ணில் புதைத்தால் போதும். ஆனால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடுங்கி எறிந்தாலும், மண்ணில் தங்கிய சிறு துண்டு மறுபடியும் தளிர்த்துவிடும். முதல் வருஷம் வேரூன்ற விட்டுவிட்டு, பின்னர் வருஷத்தில் பல முறை இலை அறுக்கலாம். இலையைத் தண்ணீரில் சில வாரம் ஊறவைத்தால் பொட்டாஷ் சத்து மிகுந்த உரநீர் கிடைக்கும். அதன் துர்நாற்றத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்! 1958-ம் ஆண்டு லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள பாக்கிங் கிராமத்தில் ஒரு சங்கம் நிறுவி, இச்செடியின் வகைகளை ஆராய்ந்தார். அவற்றுள் ‘பாக்கிங் 14’ என்பது விதையால் பரவாத வகை. ஆகையால் தோட்டக்காரர்கள் அதையே விரும்புகிறார்கள்.

1912-ல் மகாலிஸ்டர் என்னும் ஆங்கில வைத்தியர், இந்த வேரிலுள்ள அலன்டாயின் என்ற பொருள் புண் ஆறத் துணைசெய்வதைப் பற்றி எழுதினார். செடியின் புகழ் வளர்ந்தது. மேலுக்குப் போட்டது போதாதென்று, பலர் இலையைக் கஷாயமாக்கிக் குடித்தார்கள். கீரையாகச் சமைத்தும் உண்டார்கள்.

அங்கேதான் விபரீதம் விளைந்தது. இச்செடியில் பைரோலிஸிடைன் என்னும் வகையைச் சேர்ந்த நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. உட்கொண்டால் அவை கல்லீரலில் மாறுதலடைந்து, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. குடிக்கும்போது நாக்குக்கு ஒன்றும் தெரியாது. வயிற்றில் நீர் கோத்து வீங்கும்போதுதான் தெரியவரும். இலையைவிட வேரில் நஞ்சு அதிகம். 2001-ல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து இலாகா, காம்ப்ரி கலந்த உணவுச் சரக்குகளை விற்பனையிலிருந்து நீக்குமாறு வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டது.

இது மேனாட்டாரின் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் ஊர் வேலியோரத்துத் தேள்கொடுக்கு இந்தச் செடியின் உறவுதான். அதிலும் இவ்வகை நஞ்சு உண்டு. கிலுகிலுப்பை வேறு குடும்பமாயினும், அதன் இனங்கள் பலவற்றிலும் இந்த நஞ்சு இருக்கிறது. 1970-களில், அப்போது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த சர்குஜா ஜில்லாவில், கிலுகிலுப்பை விதை கலந்த சிறுதானியத்தை உண்ட ஏழை மக்கள் பலர் ஈரல் கெட்டு மாண்டார்கள்.

அப்படியானால் காம்ப்ரியை அடியோடு தள்ளிவிட வேண்டுமா? வேண்டாம். கணுக்கால் சுளுக்குக்கு அதன் களிம்பு வலியைத் தணிப்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் புண்ணில்லாத தோலின்மேல் மட்டுமே, சில நாட்களுக்குப் பூச வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், குழந்தைகளுக்கும் கூடவே கூடாது.

மூலிகைக்கு நோயைத் தீர்க்கும் வலிமை உண்டென்று நம்புகிறோம். வலிமையுள்ள பொருள் தீங்கும் செய்யக்கூடும் என்பதை மறக்கலாகாது. ஆகவே சகோதரிகளே, எந்தப் பச்சிலையையும் அடுப்பில் ஏற்றுமுன், அது மேலுக்கா, உள்ளுக்கா என்று அறிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.