உடல் பருமன்: பரம்பரையா, பழக்கமா?

'எங்க குடும்பத்துக்கே குண்டு உடம்புதான்' என்று சொல்பவரா நீங்கள்? அதில் பாதி உண்மை இருக்கு.

எஃப்.டி.ஓ மரபணுவில் உள்ள ஒரு மாற்றம், அதிகம் சாப்பிடத் தூண்டுகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் சராசரியாக 3 கிலோ எடை கூடுவது, ஐரோப்பியர்களிடம் நடந்த ஆய்வில் 2007-ல் தெரியவந்தது. 7 வயதிலேயே இந்த வித்தியாசம் தெரிகிறது.

சரி, மீதிப் பாதி? தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம். 2019-21-ல் 40.4 சதவீதம் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு. இந்தக் குறுகிய காலத்தில் மரபணு மாறியிருக்காது. மாறியது நம்ம சாப்பாடும், உட்கார்ந்தே இருக்கும் பழக்கமும்தான்.

நல்ல செய்தியும் இருக்கு. உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மரபணுவால் வரும் பருமன் அபாயம் 27 சதவீதம் குறைவு என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகள் 2011-ல் காட்டின.

வீட்டில் பலருக்கு எடை அதிகமா? அப்போ பிள்ளைகளைச் சின்ன வயசிலிருந்தே ஓடியாடி விளையாட விடுங்க.