நாலு மணிக்கு இருளும் ஊரிலே

குளிர் என்னும் சொல்லை நம் நாட்டவர் அச்சத்தோடு வழங்குவதில்லை. மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடிச் செல்வோர் தலையிலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டால் போதும். நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் ஒரு கம்பளிச் சட்டையை இரவல் வாங்கினால் போதும். யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்திலேகூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் குளிர்நாட்டிலே ஒரு பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாத குடும்பம் இன்று நம்மிடையே குறைவு. தொலைபேசியை எடுத்தவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி, "அங்கே குளிர் எப்படி?" என்பதே. அது கேட்கத்தக்க கேள்விதானா என்பதைப் பற்றி இவ்வாரம் சிறிது பேச விரும்புகின்றோம்.

பத்தாண்டுகளுக்கு முன், ஹங்கேரி நாட்டின் தென்பகுதியிலே, திஸா ஆற்றங்கரையில் அமைந்த செகெட் நகரத்துப் பாடசாலையொன்றில் நாம் ஓராண்டு கணிதம் கற்பித்தோம். சில பாடங்களைத் தாய்மொழியிலன்றிப் பிறமொழியிற் கற்பிக்கும் இருமொழிப் பாடசாலைகள் 1987ஆம் ஆண்டு முதலாக அந்நாட்டில் நடைபெற்று வருகின்றன. அவற்றுக்கு வெளிநாட்டு ஆசிரியரை வருவித்தலும் உண்டு. அவ்வகையிலேயே எமக்கு அவ்வாய்ப்புக் கிட்டியது.

செகெட் நன்றி மறவாத நகரம். 1879ஆம் ஆண்டு திஸா ஆறு பெருகி ஊரை ஏறத்தாழ முற்றாக அழித்துவிட்டது. உலகின் பல பாகங்களிலிருந்தும் உதவி வந்தது. ஊரைப் புதிதாகக் கட்டியபோது, நகரைச் சுற்றிவரும் பெருவீதியின் பகுதிகளுக்கு இலண்டன், பாரிஸ், வியன்னா, பெர்லின், பிரசல்ஸ், உரோமாபுரி, மாஸ்கோ என்று உதவிய நகரங்களின் பெயர்களையே சூட்டினார்கள். அப்பெயர்களை வாசித்துக்கொண்டு பாடசாலைக்கு நடந்து செல்வது எமக்கு நாடோறும் ஒரு பாடமாக இருந்தது.

இனிக் குளிரைப் பற்றிக் கூறுவோம். சனவரி மாதத்தில் அவ்வூரின் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். சில இரவுகளில் அதற்கும் பத்துப் பாகை கீழே செல்லும். சமவெளியாதலின் மலைநாடுகளிற்போல மழையாய்க் கொட்டும் பனி அங்கு அரிது. மூடுபனியே மிகுதி. அம்மூடுபனி இரவோடிரவாக மரக்கிளைகளில் உறைந்து, விடிந்ததும் ஒவ்வொரு சுள்ளியும் உப்பிலே தோய்த்தெடுத்ததுபோல வெள்ளையாய் நிற்கும். முதல்நாள் அதைக் கண்டு வியந்து நின்றோம். நாலாம் நாள் கையுறையைத் தேடினோம். உடம்பைக் காத்துக்கொள்ளல் எளிது. உள்ளே மெல்லிய ஆடை, அதன்மேற் கம்பளி, அதன்மேல் தடித்த மேலங்கி, காலுக்குத் தடித்த அடியுள்ள சப்பாத்து, இவை போதும். வீட்டிற்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் வெப்பமூட்டிகள் உண்டு. முன்னாட்களில் எரிபொருள் போதாமற் பாடசாலைகளை மூடிய காலமும் இருந்தது. அவ்விடுமுறைக்கு 'நிலக்கரி விடுமுறை' என்றே அவர்கள் மொழியிற் பெயர்.

உண்மையில் எம்மை வருத்தியது குளிரன்று, இருளே. மார்கழி நடுவில் யாழ்ப்பாணத்திலே பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரம். செகெட்டிலோ 8½ மணி நேரமே. காலையில் இருட்டோடு எழுந்து, 8 மணிக்குத் தொடங்கும் முதற்பாடத்துக்கு விரைந்து, பாடங்கள் முடிந்து வெளியே வந்தால், பிற்பகல் 4 மணி ஆகுமுன்னரே பொழுது சாய்ந்துவிடும். தெருவிளக்குகள் ஏற்றப்படும். எல்லோரும் தத்தம் வீடுகளுக்குள் மறைந்துவிடுவர். அதன்பின் உறங்கும் வரையில் ஆறேழு மணி நேரம் இருக்கின்றது. மொழி தெரியாத ஊரில், ஓர் அறையில், தனியொருவனுக்கு அந்த ஆறேழு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்பதை அங்கு இருந்தவரே அறிவர்.

வகுப்பறையில் நம் ஊரை நினைவூட்டும் செய்திகள் பல. ஆசிரியர் உள்ளே வந்ததும் மாணவர் எழுந்து நிற்பர். அவ்வாரத்துக்குப் பொறுப்பான மாணவர் ஒருவர் முன்னே வந்து, வராதவர் யாவர் என்று அறிக்கை கூறுவார். ஒரு பாடம் 45 நிமிடம். அவ்வப்போது ஒருவரைக் கரும்பலகைக்கு அழைத்து வாய்மொழியாக வினாவி அங்கேயே புள்ளி வழங்குதலும் வழக்கம். புள்ளிகள் 1 முதல் 5 வரை. 5 மிகச் சிறந்தது, 1 சித்தியின்மை. கணிதத்தை அவர்கள் மதிக்கும் மதிப்பு வியக்கத்தக்கது. 1894ஆம் ஆண்டு தானியல் அரானி என்னும் ஆசிரியர் கியோர் நகரத்திலே மாணவருக்கென ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். மாணவர் வீட்டிலிருந்து கணக்குகளை விடுவித்து அனுப்புவர். சிறந்த விடை எழுதியவர் பெயர்கள் அச்சாகும். அவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது. புடாபெஸ்டில் யோன் நொய்மனுக்கும், 1963இல் நோபல் பரிசு பெற்ற யூஜீன் விக்னருக்கும் கணிதம் கற்பித்த லாஸ்லோ ராட்ஸ் என்ற பாடசாலை ஆசிரியரின் படத்தை, விக்னர் பின்னாளில் அமெரிக்காவிலே தம் அறைச்சுவரில் மாட்டிவைத்திருந்தார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.

எம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நகருக்கு வெளியே, வயல்களின் நடுவே தனித்தனியாக நிற்கும் பண்ணை வீடுகளில் ஒன்றிலிருந்து, இருட்டிலே பஸ் ஏறி வருபவள். எழுத்துச் சோதனைகளில் குறைந்த புள்ளி, வினாவினால் மௌனம். சனவரி இறுதியில் அரையாண்டு அறிக்கை வீட்டுக்குச் செல்லவேண்டும். அவளுக்கு 2 இடுவதா, 1 இடுவதா என்பதே கேள்வியாயிருந்தது. 1 பெற்றால் அவள் அப்பாடசாலையைவிட்டே விலகக்கூடும் என்று உடனாசிரியர்கள் கூறினர்.

மார்கழி மாதத்து ஒரு நாள் அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, "ஆங்கிலம் வேண்டாம், உன் மொழியிலேயே விடுவி" என்றோம். அவள் சற்றுத் தயங்கிச் சுண்ணக்கட்டியை எடுத்தாள். முக்கோணம் ஒன்றை வரைந்து, 'ஹாரொம்சொக்' என்று மெல்லச் சொல்லித் தொடங்கினாள். அடுத்திருந்த மாணவர்கள் அவள் சொற்களை எமக்கு ஆங்கிலத்திற் பெயர்த்துக் கூறினர். ஐந்து நிமிடத்தில் விடை வந்தது. நாம் கற்பித்த வழியினும் குறுகிய வழி அது. அவளிடம் குறைவாக இருந்தது ஆங்கிலமே, கணிதமன்று.

அன்று மாலை அச்சொல்லை அகராதியிற் பார்த்தோம். 'ஹாரொம்' என்றால் மூன்று, 'சொக்' என்றால் கோணம். முக்கோணம்! நாற்கோணம், அறுகோணம் ஆகியவையும் அவ்வாறே அமைந்தவை. இலத்தீனையும் ஜெர்மனையும் கல்விக்கும் ஆட்சிக்கும் வழங்கிவந்த ஹங்கேரியர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தம் மொழிக்கு ஆயிரக்கணக்கான புதுச் சொற்களை ஆக்கிக்கொண்டனர். 1844ஆம் ஆண்டிலே அம்மொழி ஆட்சிமொழியாயிற்று. தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்கலாகுமா என்று ஐயுற்ற காலத்தைக் கடந்து, கலைச்சொற்களை ஆக்கிய நம் முன்னோரை நாம் அங்கே நன்றியோடு நினைத்தோம்.

அன்று முதல் நாளுக்கு ஐந்து ஹங்கேரியச் சொல் கற்பது எம் விரதமாயிற்று. ஆசிரியர்கள் எம் வகுப்பிலேயே இருந்தனர். 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸம்' என்றால் என் வீடு. 'ஹாஸம்பன்' என்றால் என் வீட்டில். சொல்லின் பின்னே விகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிச் செல்லும் இம்முறை தமிழ் கற்றவனுக்குப் புதிதன்று. 1856இல் கால்டுவெல் பாதிரியார் திராவிட மொழிகளுக்கும் ஹங்கேரியம், பின்னிஷ் முதலிய மொழிகளுக்கும் உறவு கற்பித்ததற்கு இத்தகைய ஒப்புமைகளே காரணம். அவ்வுறவை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. ஆனால் உறவில்லாத இருவர் முகம் ஒத்திருப்பதும் ஓர் இன்பமே. மணி கூறுவதில் மட்டும் புதியோர் தடுமாறுவர். ஏழரை மணியை அவர்கள் 'எட்டிற் பாதி' என்பர். கேட்டவர் எட்டரை என்று எண்ணினால், வண்டியைத் தவறவிடவேண்டியதுதான்.

பெயர் வழக்கிலும் ஓர் ஒற்றுமை கண்டோம். குடும்பப் பெயரை முதலிலும் தம் பெயரை அதன்பின்னும் எழுதுவது அவர்கள் மரபு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் நமக்கு இது விளங்கச் சிரமமில்லை. வயதில் மூத்த பெண்ணை 'நேனி' என்றும், ஆணை 'பாச்சி' என்றும் பெயரோடு சேர்த்து அழைப்பர். மாமி, மாமா என்று நாம் அயலாரை அழைப்பது போலவே. மாடிப்படியில் ஒரு சிறுவன் எம்மைப் 'பாச்சி' என்று அழைத்த நாளிலே அவ்வூரில் எமக்கும் ஓர் இடம் உண்டு என்று உணர்ந்தோம்.

எம்முடன் கற்பித்த மூத்த அம்மையார் ஒருவரைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அவர் இளமையில் ரஷ்ய மொழி ஆசிரியை. 1949 முதல் நாற்பது ஆண்டு ரஷ்யமொழி அந்நாட்டுப் பாடசாலைகளிற் கட்டாய பாடமாயிருந்தது. 1989இல் கட்டாயம் நீங்கியது. மாணவர் ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் நாடினர். ஆயிரக்கணக்கான ரஷ்ய ஆசிரியர் மீண்டும் மாணவராயினர். இவ்வம்மையாரும் இரவிலே ஆங்கிலம் கற்று, பகலிலே அதனைக் கற்பித்தவர். "நான் என் மாணவரைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தேன், சில நாட்களில் அதுவுமில்லை" என்றார்.

"நாற்பது ஆண்டு கற்பித்தும் ரஷ்யமொழி பேசுவோர் இங்கு ஏன் மிகச் சிலராய் உள்ளனர்?" என்று கேட்டோம். "அழகான மொழி. ஆனால் ஆணையாக வந்தது. பிள்ளைகள் சோதனைக்குக் கற்றார்கள். சோதனை முடிந்ததும் மறந்தார்கள். என்னை அவர்கள் வெறுக்கவில்லை. அதுவே எனக்குக் கிடைத்த ஊதியம்" என்றார். 1956ஆம் ஆண்டை அறிந்த நாட்டினர் இம்மறுமொழிக்கு உரை எழுதவேண்டியதில்லை.

மார்கழி 24ஆம் நாள் பிற்பகலிலே நகரத்துப் போக்குவரத்து நின்றுவிடும். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்குள் நத்தார் கொண்டாடும். 26ஆம் நாள் உறவினரைக் காணச் செல்வர். அன்று அவ்வம்மையார் எம்மை அழைத்தார். வாயிலிற் சப்பாத்தைக் கழற்றியதும் துணிச்செருப்பொன்றைத் தந்தார். நாம் சைவ உணவினர் என்பதறிந்து, பன்றிக் கொழுப்பை நீக்கி எண்ணெயிலே பருப்புக் கூழும், கோவா ஊறுகாயும், கசகசா வைத்த இனிப்புப் பணியாரமும் ஆக்கியிருந்தார். தேநீருக்குப் பாலில்லை, எலுமிச்சையும் சீனியும்தான். மேசையிலே செகெட்டின் புகழ்பெற்ற மிளகாய்த்தூள். அம்மிளகாயிலிருந்தே ஆல்பர்ட் சென்ட்-ஜோர்ஜி அவ்வூரில் வைட்டமின் சி சத்தைப் பெருமளவு பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசும் பெற்றார். இரவுணவில் இட்ட மிளகாயை உண்ண மனமில்லாமல் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றதாக அவரே கூறியுள்ளார்.

யன்னலோரத்தில் ஒரு தட்டிலே பச்சைப் பசேலென்று கோதுமை முளைத்து நின்றது. மார்கழி 13ஆம் நாள், லூத்சா என்னும் புனிதவதியின் திருநாளன்று விதைத்து, நத்தாருக்குள் செழித்து வளர்ந்தால் வரும் ஆண்டு விளைச்சல் நன்றாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. நவராத்திரிக்கு நவதானிய முளை இடும் நம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொண்டோம். வெளியே நாலு மணி இருள்; உள்ளே ஒரு தட்டுப் பசுமை.

அம்மாணவிக்கு அரையாண்டில் 4 இட்டோம். ஆண்டிறுதிக்குள் அவள் ஆங்கிலத்திலேயே விடை கூறினாள். நாமும் ஹங்கேரியத்திலே பாண் வாங்கப் பழகிவிட்டோம். இருவரில் யார் அதிகம் கற்றார் என்று கேட்டால், ஐயமின்றி நாமே.

குளிர்நாட்டிலே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு எம் வேண்டுகோள் ஒன்று. குளிருக்கு மேலங்கி உண்டு, கடையில் விற்கின்றது. மாலை நாலு மணிக்குப் பின் வரும் இருளுக்குக் கடையிலே மருந்தில்லை. ஆதலின் அடுத்தமுறை தொலைபேசியில் குளிரைப் பற்றிக் கேட்பதை விடுத்து, "இன்று மாலை யாருடன் பேசினாய்? யார் வீட்டில் உண்டாய்? அவ்வூர்ச் சொல் எத்தனை கற்றாய்?" என்று கேளுங்கள். மறுமொழி சொல்லப் பிள்ளை தயங்கினால், அன்று சற்று நீண்ட நேரம் பேசிக்கொண்டிருங்கள்.