பாலைநிலக் கட்டிடக்கலையும் பல்கலைக்கழகக் கல்வியும்

பல்கலைக்கழகம் என்னும் நிறுவனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் பாலைநிலத்தில் வீடுகட்டி வாழக் கற்றுக்கொண்டான். எகிப்தில், நைல் நதியின் மேற்குக் கரையில், இரண்டாம் இராம்சேசு மன்னனின் நினைவாலயத்தையொட்டியுள்ள தானியக் களஞ்சியங்களின் மண்கல் வளைவுக் கூரைகள் மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. ஆயின் அதே நாட்டில், இருபதாம் நூற்றாண்டில், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கட்டிடக்கலைஞர் ஒருவரால் மண்ணினால் ஓர் அறைக்குக் கூரையிட முடியவில்லை. இம்முரண்பாடு தற்செயலானதன்று. எதனை அறிவென ஏற்பது, எதனை அறியாமையென ஒதுக்குவது என்பதைக் கல்வி நிறுவனங்கள் தீர்மானித்த முறையின் விளைவே அது.

அக்கட்டிடக்கலைஞர் ஹசன் பத்ஹி ஆவார். 1926-இற் பட்டம் பெற்று, 1930 முதல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். இரண்டாம் உலகப் போரினால் உருக்கும் மரமும் கிடைத்தற்கரியனவாயின. மண்கல்லைக் கொண்டே கூரையையும் அமைக்க அவர் முயன்றார். கட்டிய வளைவுகள் இடிந்து வீழ்ந்தன. 1941-இல் அசுவானுக்குச் சென்ற அவர், நூபிய மேசன்மார் எவ்வித மரச்சாரமுமின்றி வளைவுக் கூரை அமைப்பதைக் கண்டார். பின்சுவரிற் சேற்றினால் ஒரு பரவளைவைக் கண்ணளவாகவே வரைந்து, கற்களைச் சாய்வாக ஒட்டி, ஒவ்வொரு வரிசையையும் முந்திய வரிசையே தாங்கும்படி அவர்கள் கட்டினர். பொறியியல் மாணவன் சமன்பாட்டினாற் பெறும் வடிவத்தை அம்மேசன்மார் கைப்பழக்கத்தினாற் பெற்றனர். ஆசிரியர் மாணவரானார். பாலைநிலக் கட்டிடக்கலைக் கல்வியின் உண்மையான முதற் பாடம் இதுவே.

மண் வறுமையின் சின்னம், கொங்கிறீற்றே முன்னேற்றம் என வாதிடுவோர் இன்றும் உளர். அவர்கள் 1964-இற் கெய்ரோவில் நடந்த ஒரு பரிசோதனையை நோக்குதல் நன்று. 50 சதமமீற்றர் தடிப்புள்ள மண்கற் சுவர்களால் ஓர் அறையும், 10 சதமமீற்றர் தடிப்புள்ள முன்வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளால் மற்றோர் அறையும் கட்டப்பட்டன. மண்ணறையின் வெப்பநிலை இரவுபகல் முழுவதும் 21 பாகைக்கும் 23 பாகை செல்சியசுக்கும் இடையிலேயே நின்றது. கொங்கிறீற்றறையோ 36 பாகை வரை சென்று, வெளிவளியிலும் 9 பாகை கூடுதலாக வெந்தது.

தடிப்பு வேறுபட்டதால் இவ்வொப்பீடு நியாயமற்றது எனலாம். ஆனால் விடயம் அங்கேதான் உள்ளது. பாலையிற் பகல் எரிக்கும். மேகமற்ற வறண்ட வானம் இரவிற் குளிரும். தடித்த சுவர் பகல் வெப்பத்தை உள்வாங்கி, அறையினுட் சேரவிடாது தாமதப்படுத்தி, இரவில் வெளிவிடுகின்றது. காலடியிற் கிடக்கும் மண்ணாற் சுவரைத் தடிப்பாக்க ஏழைக்கும் இயலும். விலைகொடுத்து வாங்கும் சீமெந்தினால் இயலாது. மெல்லிய சுவரைக் கட்டிவிட்டு வளிச்சீராக்கியைப் பொருத்துவது தீர்வன்று. தன் அறையின் வெப்பத்தை அயலவனின் தெருவிற் கொட்டுவதே அது.

இப்பொழுது ‘நிலைபேறான நகரம்’ என்னும் புதுக்கோஷம் எழுந்துள்ளது. அபுதாபியின் மஸ்தார் நகரம் 2006-இல் அறிவிக்கப்பட்டது. ஒடுங்கிய நிழல்வீதிகளும் காற்றுக்கோபுரமும் பழைய அரபு நகரங்களிலிருந்து பெறப்பட்டன என்பது பாராட்டத்தக்கதே. ஆயினும் திட்டத்தை வரைந்தது இலண்டன் நிறுவனம். அங்கு எழுந்த உயர்கல்வி நிறுவனத்துக்கு வழிகாட்டியது அமெரிக்கப் பல்கலைக்கழகம். 2016-இல் நிறைவுறவேண்டிய நகரம் 2030-ஐ நோக்கித் தள்ளிப்போயிற்று. பாலையின் அறிவு கடல்கடந்து சென்று, விலைகூடிய பண்டமாகப் பாலைக்கே திரும்பி வருகின்றது. மண்கட்டிடக் கல்வியின் நிலையும் இதுவே. அதற்கென 1979-இல் அமைந்து உலகப் புகழ்பெற்ற ஆய்வு நிலையம் இருப்பது அல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிறெனோபிள் நகரில். அந்நிலையத்தைக் குறைகூறல் தகாது. தம் மண்ணைத் தம் பாடவிதானத்திற் சேர்க்கத் தவறிய பல்கலைக்கழகங்களே குறைகூறத்தக்கவை.

எனினும் பழைமையைப் போற்றுவதோடு அமைவதும் பெரும் தவறாகும். 1945-இற் பத்ஹி தொடங்கிய புதுக் குர்ணாக் கிராமம் இதற்குச் சான்று. பண்டைக் கல்லறைகளின் மீது வாழ்ந்த ஏறத்தாழ ஏழாயிரம் மக்களைக் குடிபெயர்க்கத் தொல்பொருட் திணைக்களம் விரும்பியது. அவர்களுக்கென அழகிய மண்வீடுகளும் பள்ளிவாசலும் சந்தையும் எழுந்தன. மக்களோ வர மறுத்தனர். கல்லறைகளும் அவற்றைக் காணவந்த பயணிகளுமே அவர்களின் பிழைப்பு. 1948-இல் வேலை நின்றது. அதிகாரிகளின் அசட்டையும் ஒரு காரணமாயினும், அடிப்படைக் காரணம் வேறு: குடிபெயர விருப்பமா என்று அம்மக்களை எவரும் கேட்கவில்லை. சுவரின் வெப்பவியலை அறிந்த கல்வி, அச்சுவருக்குள் வாழவேண்டியவனின் பொருளியலை அறியாவிடின் முழுமையடையாது.

ஆகவே, வேண்டப்படுவது ஒரு பாடநூலின் இறுதியிற் சேர்க்கப்படும் ‘மரபுக் கட்டிடக்கலை’ என்னும் அத்தியாயமன்று. முதலாண்டு மாணவன் வரைபலகையை அணுகுமுன் மண்ணை மிதித்துக் கல் அறுக்கவேண்டும். மேசன் கூலியாளாகவன்றி, ஊதியமும் மதிப்பும் பெறும் ஆசிரியனாக விரிவுரை மண்டபத்தினுள் வரவேண்டும். கட்டிய அறையின் வெப்பநிலையைக் கோடையிலும் மாரியிலும் அளந்த பின்னரே புள்ளி வழங்கப்படவேண்டும். திட்டமிடல் பயில்வோர் வீதியை மட்டுமன்றி நீரையும் பயிலவேண்டும். அல்ஜீரியாவின் ம்சாப் பள்ளத்தாக்கிலே, சிறிது வெள்ளத்தையும் தோட்டங்களுக்குப் பங்கிட்ட ஊர்க்கட்டுப்பாடுகளே ஐந்து ஊர்களை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வாழவைத்தன. 1931-இல் அங்கு கற்கச் சென்றவர்களுள் லெ கொர்பூசியேயும் ஒருவர்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாக் கனவுகள் என்போருக்குப் புர்க்கினா பாசோ விடையளிக்கின்றது. மரம் அருகிவரும் அந்நாட்டில், ஒரு பிரெஞ்சு மேசனும் ஓர் உள்ளூர் விவசாயியும் 2000-இல் ஓர் அமைப்பை நிறுவி, நூபிய வளைவைக் கிராமத்தவருக்குக் கற்பித்தனர். கற்றவர் கட்டினர்; கட்டியவர் பிறருக்குக் கற்பித்தனர். பட்டமளிப்பு விழா ஏதுமின்றி அவ்வறிவு அயல்நாடுகளுக்கும் பரவியது. பல்கலைக்கழகம் இல்லாமலே இத்துணை நிகழுமாயின், பல்கலைக்கழகமும் அவர்களோடு சேர்ந்து மண் மிதித்தால் எத்துணை நிகழும்! அதற்குத் தடையாயிருப்பது மண்ணின் பலவீனமன்று. கையில் மண்படுவதை இழிவெனக் கருதும் கற்றோரின் மனமே.