மறதி நோய்க்கு ஒரு தேசியத் திட்டம் வேண்டாமா?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும். 14 கிலோமீட்டரும் மனிதத் தலைகள்தான். தீபத் திருவிழாவில் குழந்தைகள் தொலைந்துபோகாமல் இருக்க, பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிடுகிறது போலீஸ். நல்ல ஏற்பாடு. ஆனால் சொந்தப் பெயரும் ஊரும் மறந்துபோன ஒரு எழுபது வயதுக்காரர் தொலைந்தால்? குழந்தையைப்போல அவர் அழமாட்டார். நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அவரும் ஒரு சாமியார். யாராவது ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

டிமென்ஷியா என்கிற மறதி நோயை நம் ஊரில் யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. "வயசானா அப்படித்தான்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வேறு, இது வேறு. மூளையின் செல்கள் அழிவதால் வரும் பிரச்சினை. அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். பத்து நிமிடம் முன்பு சாப்பிட்ட மாமியார் அதை மறந்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து "எனக்குச் சோறே போடலை" என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்வார். தெரு அதை நம்பும். மருமகளுக்குக் கெட்ட பெயர். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கதவைத் தட்டுகிற அப்பாவுக்குக் காத்து கருப்பு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிற வீடுகளும் உண்டு. நோய் ஒருவருக்கு, தண்டனை குடும்பத்துக்கு, அதிலும் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு! ஆரணிப் பக்கம் தறியில் உட்காருகிற பெண்ணாக இருந்தால் தறி நிற்கும், களை எடுக்கப் போகிறவராக இருந்தால் கூலி போகும். இந்த நஷ்டம் எந்த அரசாங்கக் கணக்கிலும் வராது.

எத்தனை பேருக்கு இந்த நோய்? இந்திய அல்சைமர் சங்கத்தின் 2010 அறிக்கை 37 லட்சம் பேர் என்றது. 2023ல் வெளியான ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர். (கணக்கிட்ட முறைகள் வேறு என்பதால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று சொல்ல முடியாது.) ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்கிறது அதே ஆய்வு. "கூட்டுக் குடும்பம் இருக்கிற கிராமத்தில் இதெல்லாம் கிடையாது" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். '10/66' என்ற சர்வதேச ஆய்வுக் குழு, பக்கத்து வேலூர் கிராமங்களில் பல வருடங்களுக்கு முன்பே இந்த நோயை ஆராய்ந்தது. உலகின் நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம்.

வேடிக்கை என்னவென்றால், டிமென்ஷியாவைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டது வருமான வரித்துறை! 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான விதியில் நரம்பியல் நோய்கள் பட்டியலில் முதல் பெயரே அதுதான். நரம்பியல் நிபுணரின் சீட்டு இருந்து, ஊனம் 40 சதவீதமாவது இருந்தால், மூத்த குடிமகனின் சிகிச்சைச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்க இடம் கொடுத்தது. சரி, வருமான வரியே கட்டாத செங்கம் விவசாயிக்கு இதனால் என்ன லாபம்? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, டிமென்ஷியா என்ற பெயர் இல்லை. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட 5 லட்சம் ரூபாய் காப்பீடு, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் உதவும். மறதி நோயாளி ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை, வீட்டில்தான் பத்து வருடம் இருக்கிறார். முதியோர் நலத் திட்டமும் 2010 முதல் இருக்கத்தான் செய்கிறது. எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கட்டுகிற கயிறுதான் இல்லை.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, டெல்லி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேரளா 2014லேயே சொந்தமாகத் தொடங்கியது. ஆனால் வரி, காப்பீடு, ஊனச் சட்டம், மக்கள் கணக்கு எல்லாம் மத்திய அரசின் கையில். அதோடு திருவண்ணாமலைக்கு இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் கூட்டம் எவ்வளவு! தெலுங்கு மட்டும் பேசுகிற ஒரு பாட்டி இங்கே வழி தவறினால், தமிழ்நாட்டுத் திட்டம் மட்டும் என்ன செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 2017 மே மாதம் ஒரு செயல்திட்டத்தை ஏற்றது. 2025க்குள் 146 நாடுகளாவது தேசியத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது இலக்கு. இலக்கு எட்டப்படாமல் இப்போது 2031 வரை நீட்டித்திருக்கிறார்கள். இந்தியாவும் எட்டாதவர்களில் ஒன்று. இங்கிலாந்து 2009லேயே திட்டம் போட்டது. ஜப்பான் 2004ல் செய்ததுதான் அருமை. மந்தபுத்தி என்று பொருள்படும் பழைய சொல்லை அரசே மாற்றி, நோய்க்குக் கௌரவமான பெயர் கொடுத்தது. 2023ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

பணம் இல்லை என்ற பதில் வரும். ஆனால் ஆள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீடு தேடிப் போகிறார்கள். மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024ல் லான்செட் ஆணையம் சொன்னது. அதற்கான 14 காரணிகளில் இந்த இரண்டும் இருக்கின்றன, காது கேளாமையும் இருக்கிறது. மாத்திரை கொடுக்கப் போகிறவரே "பாட்டிக்கு ஞாபகம் எப்படி இருக்கு? தனியா வெளியே போனா திரும்பி வராங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ள எவ்வளவு செலவாகும்? குறித்த பிறகு எங்கே அனுப்புவது, மாவட்ட மருத்துவக் கல்லூரியில் எந்தக் கிழமை யார் பார்ப்பார், வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் எவ்வளவு உதவித்தொகை, இதையெல்லாம் எழுதிவைக்கத்தான் தேசியத் திட்டம் வேண்டும். அது வருவதற்குள், அடுத்த தீபத்துக்கு அந்தக் கைப்பட்டையைக் குழந்தைகளோடு தாத்தா பாட்டிகளுக்கும் கட்டிவிடலாம்.