உத்தியோகமா, விசுவாசமா?

விசுவாசத்துக்காகப் பாடுபட்டவர்கள் என்றதும் குருக்களும் துறவிகளுமே பலரது நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் தேவசகாயம் துறவியல்ல. மனைவியும் உத்தியோகமும் உள்ள சர்க்கார் ஊழியர். ஊரைவிட்டு வந்து ஆபீசையும் ஆலையையும் நம்பிப் பிழைக்கும் கிறிஸ்தவர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே எண்ணலாம்.

1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் சேவகத்தில் இருந்தார். பொருள் இழந்து மனம் நொந்திருந்த அவருக்கு, குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் படையில் சேர்ந்த டச்சுக்காரர் டிலனாய், யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். அவர்மேல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இவ்வரலாற்றில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஞானஸ்நானம் பெற்றபின் அவர் சாதி வித்தியாசம் பாராமல் எல்லோருடனும் பழகினார். மேல்சாதியாரின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று திருச்சபை கூறுகிறது. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்காரவைக்கக் கோயிலுக்குள் சுவர் நின்றது. அச்சுவரை எழுப்பியவர்கள் பகைவரல்லர், விசுவாசிகளே!

சோதனை இன்றும் தீர்ந்துவிடவில்லை. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டுமே இருந்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது, கிறிஸ்தவர்களுக்கு இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் உண்மையை எழுதும் ஏழைத் தகப்பன், மகனுடைய சலுகையை இழக்கிறான். கோயிலில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்களும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று ஏசுவது எளிது. மேல்சாதியில் பிறந்து, எதையும் இழக்காமல் கிறிஸ்தவராக இருப்பவருக்கு அந்த உரிமை ஏது?

விசுவாசத்தில் நிலைத்திரு என்று பிரசங்கம் செய்தால் மட்டும் போதாது. அதற்காக நஷ்டப்படுகிறவனின் பாரத்தைச் சபையும் சுமக்கவேண்டும். அவன் பிள்ளையின் படிப்புச் செலவில் பங்கெடுக்கட்டும். சட்டம் மாற அவனோடு சேர்ந்து குரல் கொடுக்கட்டும். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் சாதி கேட்பதை நிறுத்தட்டும். இவற்றைச் செய்யாமல் தேவசகாயத்துக்குத் திருவிழா எடுப்பதில் அர்த்தமில்லை.