எண்பத்தைந்துக்குப் பூச்சியம்

நம் கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியராகிய நம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை நாம் அறியாமலில்லை. எனினும், பழைய மாணவரிடையே இவ்வாண்டு எழுந்துள்ள பேச்சொன்று நம் எழுதுகோலை வேறு பக்கம் திருப்பிவிட்டது. தொடர்ந்து தோற்கின்ற உதைபந்தாட்ட அணிக்கு ஏன் பணத்தைக் கொட்டுதல் வேண்டும், அதனைக் கலைத்துவிட்டு அந்நிதியைப் பரீட்சை வகுப்புகளுக்கு ஆக்கினால் என்ன என்று நம்மிற் சிலர் கேட்கின்றனர். கேட்போர் கல்லூரியின் பகைவர் அல்லர், அள்ளிக் கொடுப்போரே. ஆதலின் அவர்தம் வினாவுக்கு முகமனின்றி விடையிறுத்தல் நம் கடமையாகின்றது.

இதே வினா 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் எழுந்தது. அந்நகரில் வாழும் நம் வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு ஜெயபுரத்துக்கு நம்மைக் காண வந்திருந்தபோது அக்கதையைச் சொல்லக் கேட்டோம்; பின்னர் நாமும் தேடிப் படித்தோம். அவர்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டம் அன்று. பக்கத்துக்குப் பதினொருவர் என்பது ஒன்றே பொது. பந்து முட்டை வடிவினது. காலால் உதைப்பது சிறுபான்மை, கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. நான்கு முயற்சிக்குள் பத்து யாராவது முன்னேறாவிடின் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் இவ்வாட்டத்தைக் காண அங்கே ஊரே திரளும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் பெருஞ்சமருக்கு இன்றும் கூடும் கூட்டத்தைக் கண்டவர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சிக்காகோ அணி ஒருகாலத்தில் வீறுபெற்ற அணி. ஸ்டாக் என்னும் பயிற்றுநர் 1892 முதல் 1932 வரை அதனை நடத்தினார்; தன் வட்டாரப் போட்டியில் அது ஏழுமுறை முதலிடம் பெற்றது. இன்று ஹைஸ்மன் பரிசு என அழைக்கப்படும் விருதினை 1935இல் முதன்முதலாகப் பெற்ற பெர்வாங்கர் அங்கே கற்ற மாணவரே. அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து வந்த பருவத்தைப் பாருங்கள். முதலாட்டத்திலே பெலோயிற் என்னும் சிறு கல்லூரியிடம் ஆறுக்குப் பூச்சியம் என்று தோல்வி. அடுத்து வபாஷ் கல்லூரியை 12க்கு 2 என வென்றனர். அதன்பின் வந்தது வெள்ளம். ஹார்வர்ட் 61, மிச்சிகன் 85, வேர்ஜினியா 47, ஒகையோ 61. இந்நான்கு ஆட்டங்களிலும் சிக்காகோ பெற்ற புள்ளி பூச்சியம். பருவம் முடிந்தபோது எட்டாட்டத்தில் இரண்டே வெற்றி. பெற்ற புள்ளி 37, கொடுத்த புள்ளி 308.

இரண்டாம் வெற்றி எப்போது கிடைத்தது என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். நான்கு ஆட்டங்களில் 254 புள்ளிகளை வாங்கிக் கொண்டு ஒரு புள்ளிதானும் திருப்பிக் கொடாத அதே இளைஞர், அடுத்த ஆட்டத்துக்கு மீண்டும் சட்டை மாட்டிக்கொண்டு களமிறங்கி, ஓபர்லின் கல்லூரியை 25க்குப் பூச்சியம் என வென்றனர். இறுதியாட்டத்தில் இலினோயிடம் 46க்குப் பூச்சியம் என மறுபடியும் தோற்றனர் என்பது உண்மையே. ஆயினும், அந்த ஓபர்லின் ஆட்டத்தை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தவர் ரொபேட் ஹச்சின்ஸ். முப்பது வயதிலே அப்பதவி ஏற்ற பேரறிஞர். நுழைவுச்சீட்டுப் பணமும் புகழாசையும் கல்லூரி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டன என்று அவர் முந்திய ஆண்டிலேயே சஞ்சிகையொன்றில் எழுதியிருந்தார். 1939 டிசெம்பரில் அணி கலைக்கப்பட்டது. அவர் கண்ட நோய் பொய்யன்று. நல்ல ஆட்டக்காரரைப் பணமும் சலுகையும் காட்டிச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளோடு, படிக்க வந்த பிள்ளைகளைக் கொண்டு ஆடுதல் ஒவ்வாது என்பதை அவர் தெளிவாகவே உணர்ந்திருந்தார். 2025ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பெருங்கல்லூரிகள் தம் ஆட்டக்காரருக்கு நேரே பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. மறைவில் நடந்தது இப்போது பேரேட்டில் ஏறியிருக்கின்றது.

ஹச்சின்ஸைப் போற்றுவார் இன்னொன்றும் கூறுவர். வெறிச்சோடிய அவ்வரங்கின் மேற்குப் படிக்கட்டுகளின் கீழேதான் 1942 டிசெம்பர் 2ஆம் நாள் என்றிக்கோ பேர்மி அணுச் சங்கிலித் தாக்கத்தை முதன்முதலாகக் கட்டுப்பாட்டுடன் நடத்திக் காட்டினார். பந்து உருண்ட இடத்திலே அறிவு விளைந்தது என்பர். அவ்வறிவு 1945இல் ஹிரோசிமாவிலே என்ன செய்தது என்பதை அவ்விடத்தில் அவர்கள் சொல்வதில்லை. அது நிற்க.

நோயை அறிந்த ஹச்சின்ஸ் மருந்தில் தவறினார் என்பதே நம் துணிபு. பயிற்றுநர் திறமையற்றவரா? அப்பருவத்தில் அவ்வணியைப் பயிற்றிய ஷோனசி என்பார், மறு ஆண்டே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பத்தாட்டத்திலும் வென்று காட்டினார். பிள்ளைகள் கோழைகளா? ஓபர்லின் ஆட்டம் அதற்கு விடை. பிழை முழுவதும் ஆட்ட அட்டவணையில் இருந்தது. தம்மோடொத்த வபாஷையும் ஓபர்லினையும் அவர்கள் வென்றனர். பெரிய அணிகளிடமே பெருந்தோல்வியுற்றனர். அட்டவணையைத் திருத்த வேண்டிய இடத்திலே அணியைக் கலைத்தார்கள். முப்பதாண்டு கழித்து, 1969இல், அப்பல்கலைக்கழகமே கல்லூரி அணியை மீண்டும் அமைத்தது. இன்று விளையாட்டுக்கெனப் புலமைப்பணம் வழங்காத கல்லூரிகளின் பிரிவிலே அது ஆடுகின்றது. இதனை 1939இலேயே செய்திருக்கலாமன்றோ?

இவ்வளவு தொலைவு சென்று வாதாடுவானேன் என்று கேட்பீர்கள். நம் கண்முன்னே நடந்ததொன்று உண்டு. 2008இல் ஊரோடு பெயர்ந்து, முகாம்களிற் கிடந்து, கண்ணிவெடி அகற்றிய நிலத்துக்கு மீண்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் வன்னிப் பாடசாலையொன்றில் நாம் சில காலம் கற்பித்தோம், பெயர் வேண்டாம். வலய மட்ட உதைபந்தாட்டப் போட்டிக்கு அப்பாடசாலை அணி சென்றது. பதினைந்து பேருக்கு ஏழு சோடிச் சப்பாத்து. எதிரே நகரத்துப் பெரிய பாடசாலை. ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டு ஆசிரியர் கூட்டத்திலே, தோற்பதற்காகப் பேருந்துக்கு வாடகை கொடுப்பதா என்று ஒருவர் வினவ, எல்லோரும் சிரித்தோம், அணி அனுப்பப்படவில்லை. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம், வாய் திறந்திலோம். மறுநாள் அணித்தலைவனாயிருந்த சிறுவன் நம்மிடம் வந்து, "சேர், தோத்தாலும் பரவாயில்லை, போவம் சேர்" என்றான். பரீட்சை வருகின்றது, படி என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த தவணை அவனும் இன்னும் இருவரும் பாடசாலைக்கு வரவில்லை. அணி இல்லாமையே காரணம் என்று நாம் துணிந்து கூறோம். வீட்டிலே வறுமை இருந்தது, கடலுக்குப் போனால் காசு கிடைத்தது. ஆனால் அணி இருந்தவரை மூவரும் வந்துகொண்டிருந்தனர் என்பதை வரவுப் பதிவேடு சொல்லும்.

அதே கிழமை உயர்தர வகுப்பில் நாம் நடத்திய பாடம் புறநானூற்றின் 66ஆம் பாட்டு. வெண்ணிப் போரிலே கரிகாலன் வென்றான். தோற்ற சேரன் தன் முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணிக்குயத்தியார் என்னும் புலவர், வென்றவன் முகத்துக்கு நேரே, உன்னினும் அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்கின்றார். வெற்றி விழாவிலே இப்படிக் கேட்கும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அப்பாட்டைப் பதவுரை பொழிப்புரையோடு விளக்கிய தமிழாசிரியருக்கு ஓர் ஆசிரியர் கூட்டத்திலே இல்லாமற் போயிற்று.

(நாமும் நம் கல்லூரியின் சட்டை அணிந்து ஆடியவர்களே என்பதைச் சொல்லிவிடுதல் நேர்மை. ஆடியது ஒரேயோர் ஆட்டம், அதுவும் இரண்டாம் அணியில், அதிலும் தோல்வி. அன்று அணியிலிருந்த ஒருவரையும் நாம் மறக்கவில்லை. கணிதத்திற் பெற்ற புள்ளி மறந்து போயிற்று.)

ஆகவே நம் வேண்டுகோள் இது. பரீட்சை வகுப்புகளுக்குப் பணம் கொடுங்கள். வேண்டா என்று எந்த ஆசிரியன் சொல்வான்? ஆனால் அணியைக் கலைத்து அதிலிருந்து கொடாதீர்கள். புகழ்பெற்ற நான்கைந்து கல்லூரிகளோடு மட்டுமே ஆடுவோம், அவற்றிடம் தோற்றால் ஆட்டமே வேண்டா என்னும் மனப்பாங்கு நம் அட்டவணையிலிருந்து ஒழியட்டும். ஆண்டுதோறும் இரண்டு ஆட்டங்களாவது வன்னிப் பாடசாலைகளோடு ஆடுங்கள். ஒன்று கல்லூரி மைதானத்தில், மற்றொன்று இங்கே. நம் பிள்ளைகள் சில ஆட்டங்களை வெல்வர். இங்குள்ளோரிடம் சில ஆட்டங்களைத் தோற்பர். இங்குள்ளோரிடம் தோற்பது இழுக்கு என்று கருதும் பழைய மாணவர் இருப்பின், அவர்கள் ஒருமுறை எம்மூர்ச் சிறுவர் வெறுங்காலோடு ஓடுவதை வந்து பார்க்கட்டும். பேருந்து வாடகையையும் சப்பாத்தையும் சங்கம் ஏற்றுக்கொண்டால் போதும். பெரிய பார்வையாளர் மண்டபத்துக்கு ஆகும் செலவில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைத் தனாதிகாரியார் கணக்கிட்டுக்கொள்வார்.

சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறக்கப்பட்ட பின், யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக ஜெயபுரத்துக்குக் காலையிற் புறப்பட்டு வந்து, ஆடி, மாலையிலே திரும்பிவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் வருதல் நன்று. பின்னர் மைதானத்தில் நீர் நிற்கும். கோல் கம்பங்களைப் பாலைத் தடியில் நாட்டிவிட்டோம். வலைதான் இல்லை, வருபவர் ஒன்று கொண்டுவரலாம்.