பழைய மோட்டாரும் தாட்சண்யமும்

கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல ரயிலில் இடம் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், சொந்த மோட்டாரிலேயே புறப்படும் யோசனைக்கு நம் குடும்பங்கள் பல வந்துள்ளன. மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் புறப்படுவோர் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால், பெங்களூர் வழியாகச் சென்னை வரையில் அதே சாலையில் செல்லலாம். மும்பையிலிருந்து தூரம் 1,300 கிலோமீட்டருக்குக் குறையாது. புது வண்டி வாங்க வசதிப்படாதவர் பழைய வண்டியை நாடுகின்றனர். அதிலும் பலர், மாற்றலாகிச் செல்லும் நம்மவர் ஒருவரிடமே வாங்க விரும்புகின்றனர். இவ்விஷயத்தில் சில குறிப்புகளை இம்மாதம் நம் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நம்மவர் விற்கும் வண்டியைக் குனிந்து பார்ப்பது மரியாதைக் குறைவு என்று பலர் கருதுகின்றனர். இஃது உயர்ந்த பண்பே. ஆயினும் இவ்விடத்திற்குப் பொருந்தாத பண்பு. தானமாகக் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்றனர் நம் முன்னோர். சந்தையில் விலை கொடுத்து வாங்கும் மாட்டுக்கு, விற்பவர் சொந்த மைத்துனரே ஆயினும், பல்லும் சுழியும் பார்த்த பிறகே துண்டுக்கடியில் கை பிடித்தனர். அதனால் எவரும் மனம் கோணவில்லை. விற்பவரே அறியாத குறை வண்டியில் இருக்கக்கூடும். அவரும் அதனை மற்றொருவரிடம் வாங்கியவராக இருக்கலாம்.

முதலில் வண்டியின் எலும்புக்கூட்டைக் கவனிப்போம். ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும்; உடல் அதன்மேல் பொருத்தப்பட்டிருக்கும். சிறிய கார்களிலோ தனிச் சட்டம் இல்லை. தரையும் தூண்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடே சட்டமாகும். உத்தரபாராவில் 2014 வரையில் உற்பத்தியான அம்பாசடரும் இவ்வகையே. ஆகவே மோதலில் ஒரு தூண் வளைந்தால், வளைந்தது வெறும் தகடு அன்று; வண்டியின் முதுகெலும்பே என்று கொள்ள வேண்டும்.

மோதிய வண்டியைக் கண்டறிவது கடினமன்று. கதவைத் திறந்து, ஓரத்திலுள்ள ரப்பர் பட்டையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் இட்ட பற்றுகள் சிறு பொட்டுகளாகச் சீரான இடைவெளியில் தெரியும். பொட்டுகள் மறைந்து, கரடுமுரடான வெல்டிங் தழும்பு தென்பட்டால், அத்தூண் பிற்காலத்தில் சீர் செய்யப்பட்டதாகும். பானெட்டைத் தாங்கும் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் அதனைக் கழற்றியிருக்கின்றனர் என்று அறியலாம். டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அதன் குழியைப் பாருங்கள். தகட்டில் சுருக்கம் இருந்தால் வண்டி பின்னாலிருந்து இடிபட்டிருக்கக் கூடும்.

சட்டம் கோணியிருக்கிறதா என்பதை அறிய ஓர் அளவு நாடா போதும். சமதரையில் சக்கரங்களை நேராக நிறுத்தி, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையில் இருபுறமும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு பொருட்டன்று. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் மெக்கானிக்கின் கண்ணுக்குக் காட்டாமல் பணம் கொடுக்கலாகாது. பின்னர், தரையில் ஒரு வாளி நீரை ஊற்றி, வண்டியை அதன்மீது நேராகச் செலுத்தச் சொல்லுங்கள். பின் சக்கரத்தின் ஈரத்தடம் முன் சக்கரத் தடத்தை இருபுறமும் ஒரே விதமாகத் தொடர வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால், வண்டி நண்டு போல் சாய்ந்து ஓடுகிறது என்பது பொருள்.

கடற்கரை நகரங்களில் துரு பெரும் பகை. மேலே படிந்த செந்துரு ஆபத்தன்று. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடமும், பொருக்காக உதிரும் இடமும் ஆபத்து. அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கருஞ்சாயம் பூசியிருப்பின், அஃது எதை மறைக்கப் பூசியது என்று கேட்பதில் தவறில்லை. 2005 ஜூலை 26-ஆம் நாள் மும்பையிலும், 2015 டிசம்பரில் சென்னையிலும் நேர்ந்த வெள்ளங்களில் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை நாமெல்லாம் அறிவோம். அத்தகைய வண்டிகள் துடைத்து மெருகிடப்பட்டு வேறு நகரங்களில் விலைக்கு வருவதுண்டு. கால்மிதியை உயர்த்தி அடியில் சேறும் பூஞ்சை வாடையும் உண்டா என்று பாருங்கள். இருக்கையின் அடிக் கம்பிகளில் துரு இருந்தால் அவ்வளவு உயரத்திற்கு நீர் ஏறியிருக்கக்கூடும்.

இனி டயர். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் மூப்படையும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிப்பதும், பத்து ஆண்டு கடந்ததை, பட்டன் எவ்வளவு ஆழமாக இருப்பினும், கழித்துவிடுவதும் நன்று. ஸ்டெப்னிக்கும் இதுவே விதி. பட்டன்களுக்கிடையே காணப்படும் சிறு மேடுகளின் மட்டத்திற்கு டயர் தேய்ந்துவிட்டால், மீதி ஆழம் 1.6 மில்லிமீட்டரே, அதனை உடனே மாற்றவேண்டும்.

தேய்மானமே ஒரு வரலாறு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. இரு ஓரங்களிலும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரே ஓரத்தில் தேய்ந்தால் சக்கரக் கோணம் பிசகியது, அல்லது சட்டமே வளைந்தது. ஆகவே விற்பவர் நான்கு புது டயர்களைப் போட்டு விற்கும்போது மகிழ்ச்சியோடு, பழைய டயர்கள் எங்கே என்றும் கேளுங்கள். பக்கச்சுவரில் கொப்புளம் போன்ற வீக்கம் இருந்தால் உள்ளிருக்கும் நூலிழை அறுந்துள்ளது. அத்தகைய டயருடன் அடுத்த தெருவுக்கும் செல்லலாகாது.

ஊர்ப் பிரயாணத்தில் பாட்டி, குழந்தைகள், பெட்டிகள், அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி என்று பாரம் ஏறிக்கொண்டே போகும். டயரில் பொறித்த 82 என்னும் எண், அந்த ஒரு டயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கும். நிறுவனம் குறித்த எண்ணுக்குக் குறைந்த டயரைப் பொருத்தலாகாது. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடிக்கவேண்டும் என்று சிலர் கூறுவர், அது தவறு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஓயாது மடங்கிச் சூடேறி வெடிக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டவணையில் முழுப் பாரத்திற்கென்று குறித்த அளவை, காலையில் வண்டி ஓடுமுன் நிரப்புவதே முறை.

இறுதியாக, சாசியில் பொறித்த 17 எழுத்தெண்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அவ்விடம் அரத்தால் தேய்த்தது போல் தோன்றினால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துப் பதிவு ஆயின், அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெறாமல் முழுத் தொகையும் கொடுத்துவிடாதீர்கள்.

விற்பவராகிய அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்க வருபவர் கேட்குமுன் நீங்களே கதவைத் திறந்து காட்டுங்கள். அறிந்த குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். அந்த வண்டியில் அமர்ந்து செல்லப்போவது நம் சங்க விழாக்களில் பாடிய குழந்தைகளே. வாங்குவோர் பத்து நிமிஷம் குனிந்து பார்ப்பதையும், விற்போர் அதனைப் புன்முறுவலுடன் ஏற்பதையும் நம்மவரிடையே வழக்கமாக்குவோமாக. தாட்சண்யம் விருந்தில் இருக்கட்டும். விலை பேசுமிடத்தில் வேண்டா.